சித்தப்பா என்று சொன்னவர்

என்னங்க, நீங்களும் பாப்பாவும் சௌக்கியமா? அத்தைக்கு முட்டிவலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை, சிரிக்கத்தான் எழுதுகிறேன். எங்கள் தையல்கடை இருக்கும் பழைய கடைவீதியில் ஒரு பக்கம் வியாபாரம், மறுபக்கம் மேடை நாடகம் என்று எப்போதும் கூட்டம்தான். நேற்று சாயங்காலம் யாரோ ஒரு சின்னப்பெண் அழுதுகொண்டே வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நம் பாப்பா வயதுதான்.

பின்னாலேயே ஒருவர் வந்தார். "நான் இவ சித்தப்பா, விடுங்க."

அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"அவ அம்மா வரட்டும், தர்றேன்" என்றேன்.

"பிள்ளை பிடிக்கிறவளா நீ?" என்று அவர் கத்த, கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. ஒருவன் தோளைப் பிடித்து இழுத்தான். நான் அந்தப் பெண்ணின் கையை மட்டும் விடவில்லை.

ஒருவழியாக அம்மாக்காரி ஓடிவந்தாள். அவர் நிஜமாகவே சித்தப்பாதானாம்! வளையல் வாங்கித் தரவில்லை என்று இவள் கோபித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். எனக்கு மானமே போயிற்று. ஆனால் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டதும் குடுக்காம இருந்தீங்களே, அதுவே போதும்" என்றாள்.

பாப்பாவை யார் வந்து கேட்டாலும் அனுப்பக் கூடாதென்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவையுங்கள். உங்கள் தம்பியே போனாலும் சரி.

அப்புறம், அவள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி அனுப்புங்கள், கவுன் தைக்க வேண்டும். என் மனதில் இருக்கும் அளவுக்குத் தைத்தால் சின்னதாகிவிடும்.

முதலாளி கூப்பிடுகிறார்.