சுந்தரம்மாவுக்கு வாசிக்காமல் வைத்திருந்த அத்தியாயம்

இரத்தோட்டை
14.06.1997

அன்பு மகள் ஆஸியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் வாப்பாவும் இருக்கிறோம், அந்த வெயில் நாட்டில் உன் உடம்புக்கும் ஒன்றும் வரக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. பதில் சுணங்கியதற்குக் கோபிக்காதே மகள், இப்போதெல்லாம் பேனையைப் பிடித்து உட்காரவே அலுப்பாக இருக்கிறது. மழை விடுவதாக இல்லை, முற்றத்தில் காயப்போட்ட மிளகை அள்ளுவதும் பரப்புவதுமாக இடுப்பு விட்டுப்போகிறது. வாப்பாவுக்கு இருமல். மாத்தளைக்கு மிளகு கொண்டுபோகும் நாளெல்லாம் வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளைக் குத்திப் பார்க்கிறார்களாம், வீடு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாய்ந்துவிடுகிறார்.

நீ குவைத்துக்குப் போன பிறகு நம் பின்வீட்டுக்குக் குடிவந்த சுந்தரம்மாவைப் பற்றி எழுத வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள், புருஷன் இறந்ததும் தோட்டத்து லய அறையை விட்டு வந்து நம்மிடம் மிளகு துப்புரவு செய்கிறாள். ஒரே மகன் தவராசா, கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நின்றான். இந்த வருடத் தொடக்கத்தில் அவன் தங்கியிருந்த அறையைச் சோதனை போட வந்த ஆமிக்காரர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அதோடு தகவல் இல்லை. வாப்பா சிங்களம் நன்றாகப் பேசுவார் என்று அவரோடு கண்டி, கொழும்பு என்று ஏறி இறங்கினாள். போன இடமெல்லாம் இங்கே இல்லை என்ற ஒரே பதில். கடைசியில் ஒருவர், தெற்கே ஒரு தடுப்பு முகாம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள், அங்கேயும் இல்லையென்றால் அதற்கு மேல் தேட இடமில்லை என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து சுந்தரம்மா எங்கும் போகவில்லை. வாப்பா கூப்பிட்டால் இன்றைக்குத் தலைவலி என்பாள், மறுநாள் மழை என்பாள். அவளுக்குப் போகப் பயம், எங்களுக்கு வற்புறுத்தப் பயம்.

சும்மா விட்டால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று, நீ பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய அந்த நாவலை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். வீட்டில் இருக்கிற ஒரே கதைப்புத்தகம் அதுதானே. கடற்கரையில் பாய் பின்னிப் பிழைக்கும் ஒரு தாய், கப்பல் வேலைக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் கதை. எத்தனை தடவை எடுத்தாலும் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் மூடி வைத்துவிடுகிறேன் என்று நீ என்னைக் கேலி பண்ணுவாய். முதல் தடவை முடித்துவிட்டுச் சோறு இறங்காமல் கிடந்தது எனக்கல்லவா தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் சுளகோடு உட்காருவாள், நான் வாசிப்பேன். அந்தத் தாயை ஏமாற்றும் வியாபாரியை இவள் திட்டிய திட்டில் வாப்பா எழும்பி வந்து எட்டிப் பார்த்தார். மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவள் சிரித்தாள் மகள். அந்தச் சந்தோஷத்தில் கதை எங்கே போய் முடியும் என்பதை நான் யோசிக்கவில்லை.

முடிவு நெருங்க நெருங்க எனக்குக் கலக்கம் வந்துவிட்டது. அந்த மகன் வருவதில்லை, அவனுடைய உடுப்புப் பெட்டிதான் வருகிறது. இதை இவள் முகத்தைப் பார்த்து எப்படி வாசிப்பது? கண் எரிகிறது என்றேன், கண்ணாடியைக் காணவில்லை என்றேன், விட்ட இடம் மறந்துவிட்டது என்று பழைய அத்தியாயத்தையே திரும்ப வாசித்தேன். மகன் வந்துவிடுவதாக நானே ஒரு முடிவைக் கட்டிச் சொல்லட்டுமா என்று வாப்பாவிடம் கேட்டேன். அவர் இருமி முடித்துவிட்டு, நீ அப்பிடிச் சொல்லி, அவட மகனும் அப்பிடித்தான் வருவான்டு அவ நம்பிட்டா பொறகு யாரு பதில் சொல்ற என்றார்.

போன திங்கட்கிழமை சுந்தரம்மாவே புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். படிங்க ராத்தா, அந்தப் புள்ள வராதுன்னு எனக்குத் தெரியும், நீங்க கண்ணாடிய இடுப்பு மடியில சுருட்டி வச்சிக்கிட்டுத் தேடினப்பவே தெரிஞ்சிக்கிட்டேன், வரலன்னா அந்தம்மா என்னா செஞ்சான்னுதான் கேக்கணும் என்றாள். வாசித்தேன். பெட்டி வந்து இறங்கும் இடத்தில் என் குரல் உடைந்தது, அவள் தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டுக் காத்திருந்தாள். தாய் பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதோடு கதை முடிகிறது. இன்னும் ஒரு பக்கம் இருக்கும், பாருங்க என்றாள். இல்லை என்று வெறும் அட்டையைக் காட்டினேன். அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். ஏன், எழுதினவருக்குக் கை வலிச்சிருச்சா, மறுநாள் விடிஞ்சிருக்கும்ல, அவ கதவத் தொறந்திருப்பால்ல, தண்ணிக்குப் போயிருப்பால்ல, அத யாரு எழுதுறது என்று கேட்டுவிட்டு, மிச்ச மிளகையும் புடைத்து முடித்தாள். போகும்போது வாப்பாவிடம், நானா, அந்தக் கேம்புக்குப் போவோம் என்றாள்.

வியாழக்கிழமை போனார்கள். மகனுக்கு ஒரு சாரமும் சட்டையும் சவர்க்காரமும் பொதியாகக் கட்டிக்கொண்டாள். வாசலிலேயே வெயிலில் நிற்க வைத்தார்களாம். பெயரைக் கேட்டு உள்ளே போன ஒருவன் திரும்பி வந்து, பார்க்க முடியாது, அடுத்த மாதம் வா என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, பொதியை மட்டும் கை நீட்டி வாங்கிக்கொண்டானாம். இல்லாத ஆளுக்குச் சாமான் வாங்க மாட்டாங்கதானே நானா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தாளாம். ஓம், வாங்க மாட்டாங்க என்று அவரும் சலிக்காமல் சொன்னாராம். வந்தவள் மிளகுச் சாக்கின் மேலேயே தூங்கிப்போனாள். எனக்குச் சந்தோஷப்படவும் தெம்பில்லை மகள், அடுத்த மாதம் என்ன சொல்வார்களோ.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, தலையில் ஈரத்தோடு படுக்காதே, நீ வேலைக்கு நிற்கும் வீட்டுக்காரர் கோபித்தால் பதிலுக்குப் பேசாதே. உன் கஷ்டத்தை எல்லாம் அல்லாஹ் லேசாக்கி, உன்னைச் சுகமாக எங்கள் கண்முன் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, ஊருக்கு வரும் வழியில் கொழும்பில் ஒரு கதைப்புத்தகம் வாங்கி வர வேண்டுமாம், சுந்தரம்மா எழுதச் சொன்னாள். எப்படிப்பட்ட கதை வேண்டும் என்று கேட்டேன். எப்புடி முடிஞ்சாலும் பரவாயில்ல ராத்தா, நீளமா இருந்தா சரி என்றாள்.

உன் வரவை எண்ணியிருக்கும் உம்மா,
றாபியா