ஃப்ரீசர்ல இருக்கிறது கறி இல்ல

அப்பா,

ஃப்ரீசர்ல நீல டப்பாவுல இருக்கிறது கறி இல்ல. நீங்க பசை போட்டு ஒட்டி வச்ச என் ஏழு ஆக்‌ஷன் ஃபிகர் பொம்மைங்க. நல்லா உறைஞ்சா பசை விட்டுடும்னு கடைக்காரர் சொன்னார். நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க.

"கை லொடலொடன்னு ஆடுச்சேன்னு ஒட்டினேன், அதுக்குப் போய் இப்படிக் குதிக்கிறே"ன்னு சொன்னீங்களே, ஆடுறதுக்குத்தான் அதுக்கு மூட்டே வச்சிருக்கான். உங்க பட்டறை நாற்காலியா அது? மூட்டு லூசானா கழட்டி, மூட்டோட உருண்டைக் குமிழ்ல நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு பூசி, நல்லா காய்ஞ்சப்புறம் மாட்டணும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

தூசி தட்டுறேன்னு ஈரத்துணியோட கிளம்பாதீங்க, அதுக்குத் தனி பிரஷ் இருக்கு. ஜன்னல் திரையையும் விலக்காதீங்க, வெயில் பட்டா வெள்ளையெல்லாம் மஞ்சளாயிடும். பொம்மை அலமாரிச் சாவியை நான் எடுத்துட்டுப் போறேன். தேடி வீட்டைக் கவுக்க வேண்டாம்.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். இருந்த கோபத்துல உப்பு கூடியிருந்தா அது உங்க பாடு.

பின்குறிப்பு: உங்க மூக்குக்கண்ணாடிக் காலும் லொடலொடன்னு ஆடிட்டிருந்துச்சு. ஸ்க்ரூவை முறுக்கி டிவி பக்கத்துல வச்சிருக்கேன். மடக்கிப் பாருங்க, மடங்கும். நான் ஒட்டல.