சாக்குப் பாயின் நடுத் தையல்

கண்டி முழுக்க 'மாஸ்டர்' என்று கூப்பிட, நான் மட்டும் 'இந்தாங்க' என்று கூப்பிட்ட என் பிரியமானவருக்கு,

முதலில் சேதி, பிறகு சண்டை. சவரிமுத்துவுக்குக் கண் தெரிகிறது. பந்து பட்ட அதே வலது கண். நேற்று போகம்பறை வெளியில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில் முப்பத்திரண்டு ஓட்டம் எடுத்தான், நானே நின்று பார்த்தேன். அப்பாடா! இந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்காகவே இத்தனை மாதம் காத்திருந்தேன்.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு ஆட்டத்துக்காவது வந்திருக்கிறேனா? ஒருவர் எறிய, ஒருவர் அடிக்க, மற்றவர்கள் வெயிலில் சும்மா நிற்க, இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் வேறு தேவையா என்று உங்கள் முகத்துக்கு நேரே கேட்டவள்தானே நான். நேற்று குடையைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நின்றேன். இன்னும் ஒன்றும் புரியவில்லை. அவன் மட்டை பந்தில் படும்போதெல்லாம் தேவமாதாவைக் கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை நம் மாதா கோயில் பத்திரிகையில் போடச் சொல்லிச் சாமியாரிடம் கொடுக்கப்போகிறேன். உங்கள் பேரைச் சொல்லி ஊர் பேசியதெல்லாம் எனக்குத் தெரியும். கல்லூரிப் பிள்ளையின் கண்ணைப் போக்கிய மாஸ்டர் என்று கடைத்தெருவில் என் காதுபடவே சொன்னார்கள். அதைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டு வந்தவள் நான். அந்த வாயை இப்போது திறக்கிறேன்.

வத்தேகமக் காப்பித் தோட்டத்தில் நீங்கள் கணக்கப்பிள்ளையாக இருந்தீர்கள். சாயங்காலமானால் துரைக்கு மட்டை பிடிக்க ஆசை வரும், பந்து எறிய ஆள் வேண்டும். நீங்கள் எறிந்தீர்கள். எறிந்து எறிந்து துரையையே திணறடிக்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டீர்கள். காப்பி இலையில் மஞ்சள் பொட்டு விழுந்து, மரமெல்லாம் மொட்டையாகி, தோட்டத்தில் ஆளைக் குறைத்தபோது அந்தத் துரைதான் கல்லூரிப் பெரிய சாமியாருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். காப்பிக் கணக்கு எழுதியவர் கிரிக்கெட் மாஸ்டர் ஆனார். எனக்கு அதில் பெருமையா எரிச்சலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

கல்லூரி முற்றமோ சரிவு. மழை பெய்தால் சேறு. நீங்கள் ஊர் ஓரத்துக் காப்பி ஸ்டோர்க்காரரிடம் பேசி, காப்பிக்கொட்டை காயவைக்கும் சுண்ணாம்புத் தளத்தைப் பிள்ளைகள் ஆடிப் பழகுவதற்குக் கேட்டு வாங்கினீர்கள். நோய் வந்து காயவைக்கக் கொட்டையே இல்லாமல் அது சும்மா கிடந்தது. இலையில் விழுந்த நோய்க்கு நன்றி சொன்ன ஒரே மனிதர் இந்த மலைநாட்டில் நீங்களாகத்தான் இருக்கும்.

அப்புறம் கடுகண்ணாவைக்கு ஆடப் போனீர்கள். ரயில்வே ஆட்களோடு முதல் ஆட்டம். நம் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பத்தொன்பது ஓட்டம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தீர்கள். நான் சோற்றைப் போட்டு வைத்தும் கையை நனைக்கவில்லை.

"தப்பு பயலுக மேல இல்ல புள்ள," என்றீர்கள். "தளத்துல பந்து நெஞ்சு ஒசரம் எழும்பும். புல்லுல முழங்காலத் தாண்டாது. இவனுக மட்டையத் தூக்கிக்கிட்டு நிக்கிறானுக, பந்து அடியால போயிருது. அத நான்ல யோசிச்சிருக்கணும்."

மறுநாள் ஒரு கட்டுப் பழைய காப்பிச் சாக்கோடு வந்து நின்றீர்கள். "இதப் பிரிச்சு, ஓரத்தோட ஓரம் சேத்து, மேடு தட்டாம ஒரு பாயாத் தச்சுக் குடு. தளத்துல விரிச்சா பந்து அடங்கும்."

"நான் என்ன ஸ்டோர்ல சாக்குத் தைக்கிறவளா?" என்று கத்தினேன். ஆனாலும் தைத்தேன். கோணி ஊசி குத்தாத விரல் இல்லை. வீடு முழுக்கச் சணல் தூசி, இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினோம். வருஷத்துக்கு ஒரு பாய் கிழியும், வருஷத்துக்கு ஒரு பாய் தைப்பேன். மூன்றாம் வருஷம் அதே கடுகண்ணாவைக்காரர்களை ஜெயித்து, ரயிலடியிலிருந்து வீடுவரை பிள்ளைகள் உங்களைத் தோளில் தூக்கி வந்தார்கள். அக்குள் கிழிந்த சட்டைக்காக உங்களை ஏசினேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். கடைசியாகத் தைத்த பாய். மறுநாள் அந்தோனியார் திருநாள், உங்கள் தங்கச்சி குடும்பம் வருகிறது, பலகாரத்துக்கு மாவு இடித்தபாடில்லை. நடுத் தையல் மட்டும் பாக்கி. ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்கப் பொறுமை இல்லாமல், ஒரு சாக்கின்மேல் இன்னொரு சாக்கை மடித்து வைத்து ஓட்டிவிட்டேன். விரல் தடிமனுக்கு மேடு. தடவிப் பார்த்தேன், தெரிந்தது. மிதிபட்டு மிதிபட்டு அமுங்கிவிடும் என்று சுருட்டி வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்த மேட்டில்தான் பந்து விழுந்தது. எறிந்தவர் நீங்கள். எழும்பிய பந்து சவரியின் கண்ணில்.

பார்வை திரும்பினால் ஆண்டவர் செயல் என்றார் டாக்டர். அந்த வாரமே நீங்கள் பெரிய சாமியாரிடம் போய் வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள். நான் குதித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? எட்டு வருஷ உழைப்பை ஒரு நாளில் தூக்கிப் போடுவீர்களா என்று கேட்டேன்.

"வெளிச்சம் மங்கிப்போச்சுன்னு தெரிஞ்சும் எறிஞ்சேன். அது என் தப்பு. அதோட விடு புள்ள," என்றீர்கள்.

விட்டேன். பாவி, விட்டுவிட்டேன். தையல் என்னுடையது என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும், திரும்பிப் போய்விடும். அந்தப் பாயை வீட்டுக்குப் பின்னால் போட்டு எரித்தீர்கள், கோபத்தில் எரிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மழை, காய்ச்சல், ஐந்தே நாள். கடைசியாக நீங்கள் கேட்டது, "சவரிக்கு எப்புடி இருக்கு?" நான் ஒன்றும் தெரியாமலே, "நல்லாருக்கான், பார்வை வந்துருச்சு" என்றேன். நம்பினீர்களா? தலையை ஆட்டினீர்கள். அன்றைக்கு அது பொய்.

நேற்று அது பொய்யில்லாமல் போனது. உள்ளே உறைந்த இரத்தம் மெல்ல மெல்லக் கரைந்துவிட்டதாம். ஆட்டம் முடிந்ததும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். வளர்ந்துவிட்டான், மீசைகூட வந்துவிட்டது. கல்லூரியில் சின்னப் பிள்ளைகளைப் பழக்கும் வேலை இப்போது அவனுக்குத்தான்.

இன்றைக்கு விட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது. "தம்பி, ஒன்கிட்ட ஒன்னு சொல்லணும். அந்தப் பாயி..." என்று தொடங்கினேன்.

"நடுத் தையல் தானேம்மா? தெரியும்," என்றான்.

"யாருய்யா சொன்னா?"

"மாஸ்டர்தான். மறுநாளே வந்து கட்டில் பக்கத்துல ஒக்காந்து சொன்னாரு. பாய விரிக்கிறப்பவே மேடு கையில பட்டுச்சாம். இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்னு விரிச்சுட்டாராம். என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. 'வீட்டுல அவளுக்கு இது தெரியப்படாது சவரி. தெரிஞ்சா அவ சோறு தண்ணி எறங்காம செத்துருவா'ன்னாரு."

வெளி என்றும் பாராமல், துரைமார் என்றும் பாராமல், குடையைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். அவன் பயந்துபோய், "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே நின்றான். அழுதது துக்கத்தில் இல்லை. நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது.

இந்தாங்க, இப்போது சண்டைக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாது என்று நான் மறைத்தேன், எனக்குத் தெரியாது என்று நீங்கள் மறைத்தீர்கள். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சோறு தின்றுகொண்டு, ஒரே தையலை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்தோமே! அன்றைக்கே என்னை ஒரு அறை அறைந்து கேட்டிருந்தால், இரண்டு பேருமாய் உட்கார்ந்து அழுது, அடுத்த நாள் காப்பி குடித்திருப்போம். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று, தையல் யார் கண்ணிலும் படாமல் பாயையும் எரித்துவிட்டு, தனியாகவே சுமந்துகொண்டு போய்விட்டீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதைவிட அதிகமாகப் பிரியமும் உண்டு, அதையும் நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களிடம் சொன்னதில்லை.

ஊராருக்கு: அன்றைக்கு வெளிச்சம் மங்கவில்லை. நல்ல வெயில் என்று சவரியே சொன்னான். என் தையல்தான் சரியில்லை. இனிமேல் பேசுகிறவர்கள் என்னைப் பேசுங்கள், வீட்டுக்கு வந்தே பேசலாம்.

போகும்போது சவரி தயங்கித் தயங்கிக் கேட்டான். "தளத்துக்குப் புதுப் பாய் வேணும்மா. தச்சுத் தருவீங்களா?" அவனுக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். உங்களிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று இருந்தது.

தைக்கப்போகிறேன். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மேடு தட்டாமல் தைப்பேன். ஆனால் என் அவசரப் புத்தி உங்களுக்குத் தெரியும், அது மாறும் என்று பொய் வாக்குக் கொடுக்க மாட்டேன். இது ஒன்று மட்டும் சத்தியம்: எங்கேயாவது மடித்துத் தைத்துவிட்டால், முதல் பந்து விழுவதற்கு முன்னால் நானே தளத்துக்கு ஓடிப்போய், "எறியாதீங்க, நான் தப்பாத் தச்சுட்டேன்" என்று எல்லார் முன்னாலும் கத்துவேன்.

இப்படிக்கு,
உங்களிடம் மறைத்ததை ஊருக்கே சொல்லிவிட்ட
உங்கள் மனைவி மரியாயி