தகடு வெட்டும் ஆலை நடுவே அடைபட்ட எங்கள் வீட்டுக்கு வழிவிடக் கோரும் மனு

அனுப்புநர்
தகடு வெட்டும் ஆலையை நிறுவியவரின் மனைவி,
ஆலை வளாகத்தினுள் உள்ள வீடு.

பெறுநர்
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
தொழிற்சாலை ஆய்வு அலுவலகம்.

பொருள்: வீட்டுப் பாதையை மறிக்கும் உருக்குச் சுருள்களை அகற்றக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வீட்டு முற்றத்தில் ஒரேயொரு வெட்டும் இயந்திரத்தோடு என் கணவர் இத்தொழிலைத் தொடங்கினார். அவர் வெட்டுவார்; தகட்டின் மறுமுனையை நான் பிடிப்பேன். பிறகு அவர் தம்பி சேர்ந்தார். கூரை வந்தது, கிரேன் வந்தது, பக்கத்து மனைகளும் வந்தன. இன்று வீட்டின் நாற்புறமும் ஆலைதான். அதில் எனக்கும் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

2. பக்கவாதம் வந்து கணவர் படுத்த படுக்கையானதும் நிர்வாகம் கொழுந்தனார் கைக்குப் போனது. எங்களுக்கென விட்டிருந்த ஒரே பாதையில் ஆளுயர உருக்குத் தகட்டுச் சுருள்களை இறக்கத் தொடங்கினார்கள். கேட்டதற்கு, "என்ன அண்ணி பண்றது, வேற எடமே இல்ல. ஒரு வாரம் பொறுத்துக்கோங்க" என்றார். அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

3. சென்ற மாதம் கணவருக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் ஆலை வாயிலிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சர் சுருள்களுக்கிடையே நுழையவில்லை. தொழிலாளர்கள் அவரைப் போர்வையில் கிடத்தி, ஒருக்களித்துச் சாய்த்துத் தூக்கிப் போனார்கள். பேச முடியாதவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனார். பிழைத்து வந்துவிட்டார். அடுத்த முறை என்ன ஆகுமென்று மருத்துவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை.

4. முன்பே ஒருமுறை புகார் கொடுத்தேன். தங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர் கொழுந்தனார் அறையில் தேநீர் அருந்திவிட்டு, "குடும்ப விஷயம்மா, உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சிக்கங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

5. யாரிடம் பேசுவேன் ஐயா? கிரேனில் அமர்ந்து அந்தச் சுருள்களை இறக்குபவனே என் மகன்தான். பிள்ளைகுட்டிக்காரன், சித்தப்பாவைப் பகைத்துக்கொள்ள முடியாது. "நான் எறக்கலன்னா வேற ஆள் எறக்குவாம்மா" என்கிறான். சாப்பிடும்போது தலை நிமிர்வதில்லை.

ஆலையை மூடச் சொல்லவில்லை. அதனால் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது, என் வீட்டிலும். ஒரு கட்டில் போகிற அகலத்துக்குப் பாதை கிடைத்தால் போதும். தாங்கள் அலுவலக அறையோடு திரும்பிவிடாமல், சுருள்களுக்கிடையே நடந்து எங்கள் வீடுவரை வந்து பார்த்து, தக்க ஆணையிடக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இம்மனுவை எழுதியவன் என் மகன். தன்னைப் பற்றியதையும் ஒரு சொல் மாற்றாமல் எழுதினான். இதனால் அவன் வேலைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம்: ஆலை வளாக வீடு
நாள்: ஜூன் 9

தங்களை நம்பியிருக்கும்,
(இடது பெருவிரல் ரேகை)
ஆலை நிறுவனரின் மனைவி