மத்தியான வாட்டம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது, ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று உட்கார்ந்திருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். நீயும் மருமகளும் சுகந்தானே, பேத்திக்கு இருமல் விட்டதா? இதையெல்லாம் போனில் பேசக் கூடாதா என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் 'செடியெல்லாம் எப்படிம்மா இருக்கு' என்று கேட்டுவிடுகிறாய். அப்பா போன இந்தப் பதினொரு மாதத்தில் நீ என்னை விசாரித்ததைவிடச் செடியை விசாரித்ததுதான் அதிகம், அதனால் செடியைப் பற்றியே எழுதுகிறேன்.

'லீவுக்கு நான் வந்துடறேன், அதுவரைக்கும் உனக்கு ஒரு பொழுதுபோக்கு வேணும்' என்று சொல்லிப் பெட்டி அனுப்பினாய். செடி வைக்கப் பன்னிரண்டு கறுப்புப் பை, கத்தரி, வெண்டை, தக்காளி விதை, கையடக்கமாக ஒரு மண்வாரி. ஒற்றை ஆள் சாப்பிடும் வீட்டுக்குப் பன்னிரண்டு பை. எங்கே வைப்பது என்றதற்கு, நாள் முழுக்க வெயில் படணும் என்று நீ இருக்கிற குளிர்நாட்டுக்காரன் ஒருவனுடைய வீடியோவை அனுப்பினாய். அவன் ஊரில் வெயில் விருந்தாளி, இங்கே அது வீட்டோடு கிடக்கிறது. அது தெரிந்தும், பிள்ளை சொன்னானே என்று பன்னிரண்டையும் மொட்டை மாடியில் வைத்தேன். முளைத்து ஒரு சாண் வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் வெயில் ஏறிவிட்டது, ஒரு மணிக்குப் போனால் இலையெல்லாம் துவண்டு தொங்கும். முப்பத்தொரு வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? ஆள் துவண்டால் முதலில் நீர்ச்சத்துதானே என்று வாளி வாளியாக ஊற்றினேன். மணிக்கு ஒரு தரம் ஊற்றி, பைக்கு ஒரு சார்ட் போட்டு, நேரத்தோடு எழுதியும் வைத்தேன். கீழ்வீட்டுத் தையல்காரி பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். நான் பார்க்காத வாட்டமா என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். மூன்றாவது வாரம் ஒரு செடியை இழுத்தேன், கையோடு வந்துவிட்டது, வேர் கறுத்து நாறியது. சுடுமண்ணில் தேங்கின தண்ணீரில் வேர் வெந்து அழுகியிருக்கிறது. பன்னிரண்டும் போயிற்று. தையல்காரி அப்போதுதான் பொறுமையாகச் சொன்னாள், 'மத்தியானம் எல்லாச் செடியும்தான் தொங்கும்க்கா, வெயில் தாழ்ந்தா தானா நிமிர்ந்துக்கும். சாயங்காலமும் தொங்கினாத்தான் அது தண்ணி கேக்குதுன்னு அர்த்தம்.'

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போட்டோ கேட்டாய். எல்லாவற்றையும் கொன்றுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். கீழே இறங்கி, தையல்காரியின் வெண்டைச் செடியைப் படமெடுத்து அனுப்பினேன். நீ ஆபீஸ் முழுக்கக் காட்டினாய். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, 'நீ இவ்ளோ உற்சாகமா இருக்கறதப் பாத்ததும் நிம்மதியாயிடுச்சும்மா, டிக்கெட்டை அடுத்த வருஷத்துக்கு மாத்திட்டேன்' என்றாய். நானும் சரிப்பா என்றேன். அதற்கப்புறமும் ஐந்து படம் அனுப்பியிருக்கிறேன், எல்லாம் அவள் வீட்டுச் செடிதான். என் வாயாலேயே உன் வரவைக் கெடுத்துக்கொண்டேன் என்று என்மேல் கோபம். ஒரு வெண்டைக்காய் படத்தைப் பார்த்து அம்மா தேறிவிட்டாள் என்று முடிவு கட்டினாயே என்று உன்மேல் அதைவிடக் கோபம்.

இப்போது தையல்காரி மிச்சத் துணியை ஒட்டுப் போட்டு மாடியில் பந்தல் கட்டிக் கொடுத்திருக்கிறாள். மூன்றே மூன்று பை, அவள் கொடுத்த கீரை விதை, காலை வெயில் மட்டும் படுகிற பக்கம், மண்மேல் காய்ந்த சருகு, விடிவதற்குள் ஒரு தரம் தண்ணீர். விரலை உள்ளே விட்டு ஈரம் இருந்தால் அதுவும் கிடையாது. உன் சிநேகிதர் யாராவது இந்த மாதிரி ஊரில் தோட்டம் போடக் கிளம்பினால் இதைச் சொல், அந்த வீடியோவைக் காட்டாதே. கீரை ஒரு விரல் உயரம் வந்திருக்கிறது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே போய்ப் பார்க்கிறேன், மத்தியானம் தொங்கினதெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது. கீழே வந்து ஒரு தட்டை எடுத்து வைக்கிறேன், சாப்பிடப் பிடிக்காமல் மூடி வைக்கிறேன். எனக்கு வந்திருப்பது மத்தியான வாட்டம் இல்லையப்பா.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், பேத்திக்கு என் முத்தம். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. அந்த வெண்டைக்காய் உன் அம்மா வளர்த்ததில்லை என்று ஆபீஸில் சொல்லிவிடு. டிக்கெட்டை மறுபடி மாற்று. பெட்டி எதுவும் வேண்டாம், வெறுங்கையோடு வா.

இப்படிக்கு,
உன் வரவுக்காகக் காத்திருக்கும்
அம்மா