பையில் போன பீட்ரூட்

மார்ச் 4, செவ்வாய்

மகள் ஹெட் செஃப் ஆகிவிட்டாள். பன்னிரண்டு மேசை உள்ள உணவகம்தான். இருக்கட்டுமே, அந்தப் பன்னிரண்டு மேசைக்கும் என்ன போக வேண்டும் என்று இனி முடிவு செய்வது என் மகள்! மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். முடிவெட்டுகிறவரிடம் சொன்னேன். எங்கள் கட்டட லிஃப்டில் ஏறிய முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னேன். அவர் மூன்றாம் மாடியில் இறங்க வேண்டியவர், ஆறு வரை வந்து கேட்டார்.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்றாள் மனைவி. குஞ்சு நிஜமாகவே பொன்னாக இருந்தால் காக்கை என்ன செய்யும்?

மார்ச் 9, ஞாயிறு

மதியம் இருவரும் அங்கே சாப்பிடப் போனோம். மனைவி மீன் கேட்டாள். எனக்கு மகள் தானாக யோசித்துச் செய்த புதுப் பதார்த்தம்: சுட்ட பீட்ரூட், மேலே கெட்டித் தயிர்.

ஒரு வாய் வைத்தேன். பிடிக்கவில்லை. கெட்டுப்போகவில்லை, உப்பு உறைப்பு எல்லாம் சரி. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மழை பெய்த தோட்டத்தை மென்றதுபோல் இருந்தது.

திருப்பி அனுப்புவதா? அதுவும் பெற்ற பெண் சமைத்ததை? இந்த அறுபத்து மூன்று வயதுவரை எந்த ஓட்டலிலும் ஒரு தட்டைத் திருப்பியதில்லை நான். அந்தப் பெருமையை இன்றா விடுவேன்? மனைவி கை கழுவப் போன நேரம் பார்த்து, மிச்சத் துண்டுகளைக் காகிதக் கைக்குட்டையில் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் போட்டேன். பரிமாறும் அம்மாள் வந்து, "எப்படி இருந்துச்சு சார்?" என்றாள்.

"பிரமாதம்!"

காலித் தட்டு உள்ளே போயிற்று. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

காலையில் மனைவி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். கோட்டின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு. ரத்தம் என்று நினைத்துவிட்டாள். குட்டு வெளிப்பட்டது.

"நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன்." வெள்ளிக்கிழமை வரை கெடு.

மார்ச் 12, புதன்

மகள் ஃபோன் செய்தாள். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"அப்பா, அந்த பீட்ரூட்டை எடுத்துடுன்னு முதலாளி சொன்னார். தட்டெல்லாம் மிச்சத்தோடதான் திரும்பி வருதாம். நான் விடல. ஞாயித்துக்கிழமை முழுசா காலியா வந்த ஒரே தட்டு உங்களுது. எங்கப்பாவே துடைச்சு வச்சிருக்கார்னு சண்டை போட்டேன். முப்பதாம் தேதி முதலாளியோட விருந்தாளிங்க இருபது பேருக்கும் அதுதான் முதல்ல போகுது."

நான் என்ன சொன்னேன்? "சந்தோஷம்மா" என்றேன். ஐயோ, நானெல்லாம் ஒரு அப்பனா?

மார்ச் 13, வியாழன்

தூக்கம் இல்லை. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் நான் திட்டியது ஒரே திட்டுதான்: "ஒரு மாசமா சத்தம் வந்திருக்கு, ஏன் சொல்லல?" உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று இருந்தோம் என்பார்கள். மரியாதையாம்! நடுவில் மாட்டிக்கொண்ட பிறகு அந்த மரியாதை வந்து கதவைத் திறக்குமா என்று கத்துவேன்.

இப்போது யாரைப் பார்த்துக் கத்துவது? கண்ணாடியைத்தான்.

மார்ச் 14, வெள்ளி

தனியாகப் போனேன். அதே கோட்டு, கறையோடு. அதே பீட்ரூட்டைக் கேட்டேன். இரண்டே வாய் சாப்பிட்டேன் - முக்கால்வாசி தின்றுவிட்டுப் பிடிக்கவில்லை என்பது அழகில்லை. முள்கரண்டியை வைத்தேன். அந்த அம்மாள் பக்கத்தில் வந்ததும், அடுத்த மேசைக்குக் கேட்காதபடி சொன்னேன்: "இதுல குறை ஒண்ணும் இல்லம்மா. எனக்குப் பிடிக்கல. வேற ஏதாவது குடுங்க. இதையும் பில்லுல போட்டுடுங்க."

இவ்வளவுதான். இதற்காகவா ஆயுள் முழுக்க நடுங்கினேன்!

மகள் வெளியே வந்தாள். திரும்பி வரும் தட்டு எதுவானாலும், தான் ருசி பார்க்காமல் கொட்ட விடமாட்டாளாம். என் தட்டிலிருந்தே ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள்.

"அன்னிக்கு மட்டும் எப்படிப் பிடிச்சுது?"

பையைக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உங்க தட்டை நம்பித்தானேப்பா சண்டை போட்டேன். பிடிக்கலன்னு சொல்றதுக்கு நான் என்ன மூணாம் மனுஷியா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். பிறகு முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, என்ன பிடிக்கல? சரியாச் சொல்லுங்க" என்றாள்.

"மண் வாசனை. முழுங்கின பிறகும் தொண்டையில நிக்குது."

இன்னொரு துண்டு எடுத்துக் கண்ணை மூடி மென்றாள். வெகுநேரம் மென்றாள்.

"ஆமா" என்றாள்.

தன் கைச் சமையலைப் பார்த்து இந்த "ஆமா" சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? என் மகளுக்கு வந்தது. அவள் ஹெட் செஃப் ஆன அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருக்கவில்லை.

மார்ச் 22, சனி

தோலைச் சீவிவிட்டு மறுபடி சுடுகிறாளாம். எலுமிச்சையும் சேர்த்துப் பார்க்கிறாளாம். இந்த வாரம் மூன்று தடவை வரவழைத்தாள். இரண்டு தடவை திருப்பினேன். கை பழகிவிட்டது.

மார்ச் 31, திங்கள்

நேற்று விருந்து. இருபது தட்டில் பதினேழு காலி. மற்ற மூன்றையும் அவள் ருசி பார்த்தாளாம். பீட்ரூட் இருக்கட்டும் என்று முதலாளியே சொல்லிவிட்டார். மருந்துக்கடைக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மதியம் மனைவியோடு போனேன். வெளியே வரும்போது என் கோட்டுப் பையைத் தடவிப் பார்த்தாள், போலீஸ்காரி. காலி!

அதற்கு முன்பு நடந்ததை எழுத வேண்டும். சூப் எப்படி என்று அந்த அம்மாள் கேட்டாள். "உப்பு ஒரு கல் கம்மி" என்றேன். உள்ளே போய்ச் சொன்னாள். சமையலறைக் கதவு திறந்தே இருந்தது. உதவிச் சமையல்காரர், "நான் பார்த்தேனே செஃப், உப்பு சரியாத்தான் இருக்கு" என்றார்.

பிறகு என் மகளின் குரல்:

"சொன்னது எங்கப்பாவா? அப்போ கம்மிதான். போடுங்க."