முந்தி விளைந்த சோளம்

ஏங்க,

எழுப்ப மனசு வரல. குருவி எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி வயலுக்குப் போறேன். நாலு நாளாக் கத்திக் கத்தி உங்க தொண்டை கட்டிப்போச்சு. இன்னிக்கு நான் தகரம் தட்டிக்கிறேன். கஞ்சி அடுப்புமேல இருக்கு, சுடவச்சுக் குடிங்க.

பத்து மணிக்கு விதை ஆபீசர் நம்ம புதுச் சோளத்தப் படம் எடுக்க வர்றார். அவர்மேல எரிஞ்சு விழாதீங்க. அவர் சொன்னது எதுவும் பொய் இல்ல. மழை இல்லாமலே நின்னுச்சு, ஊருக்கு இருபது நாள் முந்தியே முத்திடுச்சு. மத்தவங்க கதிரெல்லாம் பச்சையா இருக்கும்போது, இருக்கிற குருவி அத்தனைக்கும் நம்ம வயல் ஒண்ணுதான் பந்தின்னு அவருக்கும் தோணல, எனக்கும் தோணல. உங்களுக்குத் தோணுச்சு. பாதி வயல்ல பழைய விதையப் போடலாம்னீங்க. நான்தான் உங்க வாய அடைச்சேன்.

கிழக்குப் பக்கம் மணியில்லாம வெறும் தட்டைதான் நிக்குது. மேற்குப் பக்கமா நின்னு படம் எடுக்கச் சொல்லுங்க.

சாவி ஆணியில.

கீழ கொஞ்சம் இடம் இருக்கு, சொல்லிடறேன். அடுத்த தடவை பழைய விதையே போடுவோம், விதைப் பானைய எடுத்து வைன்னு நேத்து சொன்னீங்க. நான் வெடுக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். கோவம்னு நெனச்சிருப்பீங்க. கோவம் இல்லீங்க, பானை காலி. புதுசு முளைச்ச அன்னிக்கே, இனி இது எதுக்குன்னு அத்தனையும் இடிச்சுக் கஞ்சி காய்ச்சிட்டேன். நல்லாருக்குன்னு ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடிச்சீங்க.